பழைய மாடல் இனி வராது

"பழைய மாடல் இனி வராதுங்க" என்று அந்தக் கடைக்காரர் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அவர் பொறுப்பில்லை. பாவம், தனக்கு வந்த டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். தஞ்சாவூரில் மோட்டாரும் பைப்பும் ஸ்டார்ட்டரும் விற்கிற கடைகளில் அன்று காலையிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள். இவர் மட்டும்தான் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்.

"உள்ள போடுற சிப்பு வர்றதில்லீங்க மேடம். எல்லாம் இந்த ஏஐக்குப் போயிடுச்சாம். கம்பெனிக்காரங்களே சொல்லிட்டாங்க."

அதை என்னிடம் சொல்கிறார். சிப் கம்பெனியில் வேலை பார்த்துச் சோறு தின்கிற என்னிடம்.

நான் பெங்களூரில் சிப் வடிவமைக்கிற ஒரு கம்பெனியில் பொறியாளர். கையால் எதையும் செய்வதில்லை. இன்னொருவர் வரைந்த சுற்று, சொன்னபடி வேலை செய்யுமா செய்யாதா என்று கம்ப்யூட்டரில் ஓட்டி ஓட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. "நொட்டை சொல்றதுக்குச் சம்பளமும் குடுக்குறாங்களே, உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச வேலை" என்று அண்ணி கேலி செய்வார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு நுனியில் கோபம். அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

நான் தேடி அலைந்த சாமான் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. மொபைல் ஸ்டார்ட்டர் என்பார்கள். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். போர் மோட்டாரோடு அதை இணைத்துவிட்டால், வீட்டிலிருந்தே அந்த எண்ணுக்குப் போன் போடலாம். பெட்டி போனை எடுத்து, மும்முனை மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று தமிழில் சொல்லும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும். இரண்டை அழுத்தினால் நிற்கும். அவ்வளவுதான். அதற்கு அறிவு கிடையாது. யாரும் அதனிடம் அறிவை எதிர்பார்த்ததும் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் விவசாயம் இல்லை. ஏனென்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கொஞ்ச தூரம். அப்பா பண்ணை வீட்டில் வேலைக்கு நின்றவர். அவர்கள் வயலுக்கு ராத்திரி பகல் பாராமல் தண்ணீர் கட்டுவதுதான் அவர் வேலை. வாய்க்காலில் முறை வந்தால் மண்வெட்டியோடு போய் மடையைத் திறப்பார், வயல் நிறைந்ததும் அடைப்பார். சோறு அவர்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம். பிறகு அந்த வீட்டார் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுப் பட்டணம் போனபோது, அப்பா அதில் ஆறு மா வாங்கினார். ஏக்கரில் சொன்னால் இரண்டு. எங்கள் வம்சத்தில் எவர் பேரிலும் அதற்கு முன்னால் ஒரு குழி நிலம் இருந்ததில்லை. பட்டா கைக்கு வந்த அன்று அவர் வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினார்.

இப்போது அவர் படுக்கையில் இருக்கிறார். பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு பாதிதான் வருகிறது. ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எச்சில் புரை ஏறினால் நிமிர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். அம்மா இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஆகவே அப்பாவைப் பார்த்துக்கொள்வதும் அண்ணி, ஆறு மாவில் குறுவையும் சம்பாவும் எடுப்பதும் அண்ணிதான். போர் இருப்பதோ வாய்க்காலுக்கு அக்கரையில், மூங்கில் கொத்து தாண்டி. போய்வருவதற்குள் அப்பாவுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகிவிடும். அண்ணி அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டே இன்னொரு கையால் மோட்டாருக்குப் போன் போடுவார். அப்பா கண்ணாலேயே கேட்பார். "பாயுது மாமா, நல்லாப் பாயுது" என்று அண்ணி சொன்னபிறகுதான் அடுத்த வாய் வாங்குவார்.

மின்சாரம் வந்ததும் தானே ஓடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. மோட்டாரை ஓட்டத்தான் அதற்குத் தெரியும், நிறுத்த ஆள்தான் போக வேண்டும்.

அந்த மொபைல் ஸ்டார்ட்டரைப் புதிதாக வாங்கி மாட்டியபோது, நான் லீவில் வந்திருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது எங்கள் கம்பெனி சிப். அதுவும் நானே மாதக்கணக்கில் உட்கார்ந்து நொட்டை சொல்லிச் சரிபண்ணிய சிப். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். அப்பா அப்போது நன்றாக இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவர், "இதுவா?" என்றார். அப்புறம் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம், "எங்க மோட்டாரு எம்பொண்ணு சொன்னாத்தான் கேக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் வாங்கிய எந்தப் பட்டத்தையும் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வருஷம் கோடை மழையில் இடி விழுந்து அந்தப் பெட்டி கருகிப்போனது. குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். அண்ணி போனில் அழவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னார். மறுநாளே சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"ஏம்மா, அது உங்க கம்பெனி சிப்புதானே? வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வந்துடு."

கொல்லையில் கறிவேப்பிலை கிள்ளி வரச் சொல்வது போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் அவர் கேட்டது அப்படி ஒன்றும் தப்பில்லை. தங்கச்சி ஒரு சாமானைச் செய்கிற இடத்தில் இருக்கிறாள், வீட்டில் அந்தச் சாமான் கெட்டுப்போயிருக்கிறது. ஒன்று எடுத்து வரச் சொல்வதில் என்ன குற்றம்? அந்தச் சிப்பை நாங்கள் நிறுத்திவிட்டோம் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

நிறுத்திய கதை இதுதான். எங்கள் கம்பெனியில் இரண்டு விதமான ஆட்கள் இருந்தோம். நாங்கள் சின்ன சிப் செய்கிறவர்கள். மோட்டார், மிக்ஸி, வாஷிங் மெஷின், கரண்ட் மீட்டர் இவற்றுக்குள் போகிற சாதாரணச் சிப். அடுத்த மாடியில் இருந்தவர்கள் பெரிய சிப் செய்கிறவர்கள். செயற்கை நுண்ணறிவுக்கென்று ஊர் ஊராகக் கட்டுகிறார்களே, அந்தக் கணினிக் கிடங்குகளுக்குப் போகிற சிப். கொஞ்ச காலமாக அவர்கள் மாடியில் விளக்கு அணைவதே இல்லை. ஒரு நாள் எங்களையெல்லாம் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன சிப் பிரிவு மூடப்படுகிறது, எல்லாரும் மேல் மாடிக்குப் போகிறோம் என்றார்கள். கேக் வெட்டினார்கள். சாவு வீட்டில் யாராவது கேக் வெட்டுவார்களா? வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு தட்டில் வந்தது. அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

எதற்காக என்று கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: தேவை அப்படி. சிப் வரைகிறவர்கள் வேறு, அதை உருவாக்குகிற ஆலைகள் வேறு. ஆலைகள் உலகத்தில் கொஞ்சம்தான் இருக்கின்றன, அவையும் வெளிநாட்டில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். அறுப்புக் காலத்தில் அறுவடை மெஷின் இருபது ஏக்கர்க்காரர் வயலுக்குத்தான் முதலில் போகும். ஆறு மாக்காரன் வரப்பில் நின்று கை காட்டிக்கொண்டிருப்பான். "நாளைக்கு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு மெஷின் போய்விடும். நாளைக்கு மழை வந்துவிடும். சிப் ஆலையும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஏஐக்காரர்கள் மொத்தமாக வளைத்துப் போட்டுவிட்டார்கள். நினைவகச் சிப் செய்கிறவர்கள்கூட, கடையில் விற்கிற சாதாரணச் சரக்கை விட்டுவிட்டு, அந்தக் கிடங்குகளுக்குப் போகிற சரக்கின் பின்னால் ஓடுகிறார்கள். அதனால்தான் போன் விலை ஏறுகிறது, லேப்டாப் விலை ஏறுகிறது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு நினைவகத் துண்டு வாங்க முடியாமல் வாத்தியார் அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். பேப்பரில் இதற்குப் பேர் தொழில்நுட்பப் புரட்சி.

எங்கள் லேபில் டிராயர் நிறைய மாதிரிச் சிப்கள் கிடந்தன. அண்ணன் கேட்ட அன்றே அங்கே ஓடினேன். டிராயர் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பிரிவை மூடினால் மாதிரிகளையும் நொறுக்கிவிட வேண்டும் என்பது விதியாம். கணக்குப் பார்த்து நொறுக்கிவிட்டார்கள். ஒரு கைப்பிடி சிப்பை நொறுக்குவதற்கு இருந்த அக்கறையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. கிடைத்திருந்தாலும் போதாது என்பது வேறு விஷயம். சிப்புக்குள் ஏற்ற வேண்டிய நிரல் கோயம்புத்தூரில் அந்தப் பெட்டியைச் செய்த ஒரு சின்னப் பட்டறைக்காரரிடம் இருந்தது. அவருக்குப் போன் போட்டேன். "சிப்பு வராம பட்டறைய இழுத்து மூடியாச்சுங்க அம்மணி" என்றார். ஏன் சிப்பை நிறுத்தினீர்கள் என்று அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்து கடை கடையாக ஏறியது.

டீ கொடுத்த கடைக்காரர் கடைசியில் ஒரு புதுப் பெட்டியை எடுத்து வைத்தார். வெள்ளை வெளேரென்று பளபளப்பாக இருந்தது. "இதுதாங்க இப்ப ஓடுது. ஏஐ ஸ்டார்ட்டர். வயல்ல ஒரு சென்சார் நட்டுட்டீங்கன்னா, எப்பத் தண்ணி வேணும், எப்ப வேணாம்னு அதுவே பாத்துக்கும். நீங்க போனே போட வேணாம். வேணும்னா பழையபடி போன்லயும் போட்டு நிறுத்தலாம்."

தப்பு கண்டுபிடிக்கிற என் தொழில் புத்தி எனக்குள் மணி அடித்தது. ஆனால் அங்கே அண்ணி அடுத்த வீட்டுப் பெண்ணைக் கெஞ்சி அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டு, வாய்க்காலைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறார். நாற்றைக் காயவிடக் கூடாது. வாங்கினேன்.

மாட்டுவதற்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் அண்ணியை வரப்பில் நிற்க வைத்து, கையில் போனைக் கொடுத்து, சிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் அவர்கள் கம்பெனிப் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறது. 'டெல்டாவின் டிஜிட்டல் பெண் விவசாயி' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். எடுத்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை எழுதிவிட்டேன்.

நாற்றங்காலில் எப்படியோ ஒப்பேற்றியது. நடவு முடிந்து வயலில் தண்ணீர் கட்டியபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. மோட்டார் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அண்ணியின் போனில் செய்தி வந்தது: 'உங்கள் தோட்டத்தில் நீர் தேங்கியுள்ளது. வேர் அழுகும் அபாயம். பாசனம் நிறுத்தப்பட்டது.'

லீவு முடிந்து பெங்களூர் திரும்பியிருந்த என்னைப் போனில் கூப்பிட்டு அண்ணி படித்துக் காட்டினார். அப்புறம் கேட்டார்: "நெல்லு வயல்ல தண்ணி நிக்காம வேற என்ன நிக்கும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நட்ட வயலில் தண்ணீர் நிற்பதை ஆபத்து என்று நினைக்கிற மூளையைக் காவேரிக் கரையில் கொண்டுவந்து விற்கிறார்கள். அந்தக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல், தேன் ஒழுகத் தமிழ் பேசியது. அதுவும் மனிதர் இல்லை. "உங்கள் கவலை எனக்குப் புரிகிறது" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சொன்னது. நான் திட்டிய திட்டும் அதற்குப் புரிந்தது, கவலையும் பட்டது. கடைசியில் இங்கே பிடித்து அங்கே பிடித்து உயிருள்ள ஒரு பொறியாளரைப் பிடித்தேன். நல்ல பையன்தான். குரலில் வெட்கம் தெரிந்தது.

"மேடம், இது தோட்டப் பயிர்ல பழக்கின மாடல். வாழை, தக்காளி, மாதுளை இதெல்லாம். நெல்லுக்கு அப்டேட் வரும்."

"எப்ப வரும்?"

"அடுத்த சீசனுக்குள்ள வந்துரும் மேடம்."

"அதுவரைக்கும் பயிர் என்ன பண்ணும்?"

"பெட்டியில ஒரு பட்டன் இருக்கும் மேடம். அத அமுக்கிப் பிடிச்சீங்கன்னா ஏஐ இல்லாம ஓடும். ஆனா ஒவ்வொரு தடவையும் நேர்லதான் போய் அமுக்கணும்."

நேரில் போக முடியாமல்தானே பெட்டியே வாங்கினோம். நான் போனை வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் அந்தப் பையனை அழ வைத்திருப்பேன். அவன் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அவனும் என்னைப் போல மேல் மாடிக்கு அனுப்பப்பட்டவனாகத்தான் இருப்பான்.

அண்ணி என்னைப் போல உட்கார்ந்து பொருமிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. சென்சாரை வயலிலிருந்து பிடுங்கினார். மோட்டார் கொட்டகையில் ஒரு உடைந்த சட்டியில் காய்ந்த மண்ணைப் போட்டு, அதில் அதை நட்டுவைத்தார். "இனிமே அதுக்கு எப்பவும் காஞ்சுதான் இருக்கும். நம்ம சொல்றபடி ஓடட்டும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தே வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நாள் சரியாகத்தான் ஓடியது. அந்தச் சமயத்தில் அப்பாவை மாதாந்திரப் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அண்ணி மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கிளம்பினார். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது செய்தி வந்தது: 'கடுமையான வறட்சி. பயிரைக் காக்க அவசரப் பாசனம் தொடங்கப்பட்டது.' சட்டியில் இருந்த மண் நாளுக்கு நாள் இன்னும் காய்ந்துபோயிருக்கிறது. பெட்டி பதறிப்போய்த் தானாகவே மோட்டாரைப் போட்டுவிட்டது. அண்ணி போனில் நிறுத்தினார். அது நின்றது. பிறகு வறட்சியை நினைத்து மறுபடி போட்டுக்கொண்டது. அப்பாவை ஸ்கேன் அறைக்குள் தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டே அண்ணி நிறுத்த, அது ஓட, இவர் நிறுத்த, அது ஓட, கடைசியில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஊர் திரும்பியபோது வரப்பு உடைந்து கிடந்தது. தண்ணீர் பக்கத்து வயலில் இறங்கியிருந்தது. அங்கே அவர்கள் முளைகட்டிய விதையை அன்றுதான் தெளித்திருந்தார்கள். அவ்வளவும் ஒரு மூலையில் போய் ஒதுங்கிக் கிடந்தது. பக்கத்து வயல்காரரும் எங்களைப் போல ஒன்றிரண்டு மா வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர். எங்கள் வாசலில் நின்று கத்தினார்.

"மோட்டாரப் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டா ஆச்சா? எவன் வயலு எக்கேடு கெட்டா உங்களுக்கென்ன!"

"நான் போடலண்ணே, அதுவே போட்டுக்கிச்சு" என்றார் அண்ணி.

அதைக் கேட்டு அவர் கோபம் இரண்டு மடங்கானது. யாருக்குத்தான் ஆகாது? உள்ளே கட்டிலில் கிடந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் வாழ்நாள் முழுக்க மடை திறந்து மடை அடைத்தவர். ஒரு தடவைகூட அடுத்தவர் வயலில் தண்ணீர் ஏறவிட்டதில்லை. அண்ணி உள்ளே போனபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். அன்று ராத்திரி அண்ணி போனில் அழுதார்.

"நான் மாமாவப் பாக்குறதா, இந்த மோட்டாரப் பாக்குறதா? என்னால முடியலம்மா. நிலத்த யாருக்காச்சும் விட்டுடலாம்."

நான் ஊரோடு வந்து வேலை பார்க்கக் கேட்டேன். புது வேலை ரகசியமானது, லேபை விட்டு வெளியே வைத்துச் செய்யக் கூடாது என்றார்கள். அந்த வாரமே அலுவலகத்தில் பெரிய கூட்டம். கம்பெனி தலைவர் திரையில் தோன்றினார். எங்கள் பெரிய சிப்புக்கு அடுத்தடுத்த வருஷங்களுக்கும் ஆர்டர் நிரம்பிவிட்டது என்றார். மனித குலத்தின் எல்லாப் பிரச்சினையையும் இது தீர்க்கும் என்றார். அதில் விவசாயத்தையும் சேர்த்துக்கொண்டார். திரையில் பச்சைப் பசேலென்று ஒரு வயல் வந்தது. நெல் வயல். கேள்வி இருக்கிறதா என்று கேட்டதும் எழுந்துவிட்டேன். நிறுத்திய சின்ன சிப்பைக் கொஞ்சமாவது மறுபடி செய்ய முடியுமா, அதை நம்பி வயல்கள் இருக்கின்றன என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தச் சிப்பில் லாபம் இல்லை, ஆலையிலும் இடம் இல்லை என்றார். "பழைய பொருள்மேல் நமக்கெல்லாம் ஒரு பாசம் இருக்கும், புரிகிறது" என்று சொல்லிச் சிரித்தார். ஹாலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பாசமாம். எனக்கு அந்தச் சிப்மேல் ஒரு பாசமும் இல்லை. பண்ணையில் தண்ணீர் கட்ட ஆள் வைத்திருந்தார்கள், அந்த ஆள் என் அப்பா. எங்களுக்கு ஆள் வைக்க வக்கு இல்லை. எங்களுக்கு வாய்த்த ஒரே ஆள் அந்தச் சின்னப் பெட்டிதான். அதைத்தான் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள வந்தவர் வேறு யாரும் இல்லை, பண்ணை வீட்டுச் சின்ன மகன். பட்டணம் போனவர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மிச்சம் இருந்த நிலத்தோடு அக்கம்பக்கத்து நிலங்களையும் குத்தகைக்குப் பிடித்துப் பெரிதாக விவசாயம் செய்துகொண்டிருக்கிறார். மோட்டாருக்கு என்ன செய்வீர்கள் என்று அண்ணி கேட்டாராம். "அதுக்கென்னங்க, ஆள் இருக்கு" என்றாராம். அவருக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம்.

அவர் கெட்டவர் இல்லை. என் கோபத்தை அவர்மேல் இறக்கி வைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவர் அப்பா எங்கள் அப்பாவை "ஏய்" என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிட்டதில்லை. அவர் முன்னால் எங்கள் அப்பா உட்கார்ந்து யாரும் பார்த்ததும் இல்லை. இவர் எங்கள் வீட்டில் எல்லாரிடமும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுகிறார். முறைப்படி நிலத்துக்காரரிடம் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்துத்தான் குத்தகை எடுப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காகவே நானும் ஊருக்கு வந்திருந்தேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணி காலையில் அவருக்கு வேட்டி மாற்றி, தலை வாரி, கட்டிலில் தலையணை முட்டுக் கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மாமா, இந்த வருஷம் மட்டும் நிலத்த வேற ஒருத்தர் பாத்துப்பாங்க. நிலம் நம்முதுதான். அவங்கதான் நம்மகிட்ட வந்து கேக்குறாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

பண்ணை வீட்டுச் சின்ன மகன் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. உள்ளே வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். பணிவாகத்தான் கேட்டார். அவர் முகம் அவருடைய அப்பா முகம் மாதிரியே இருக்கும்.

அப்பாவின் இடது கை கட்டில் சட்டத்தைத் துழாவிப் பிடித்தது. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. புரை ஏறிவிட்டதோ என்று அண்ணி முதுகைத் தாங்கப் போனார். அப்பா தோளை உலுக்கி அந்தக் கையை உதறினார். நல்ல காலைத் தரையில் ஊன்றினார். எழுந்துகொள்ளப் பார்க்கிறார்.

"ஐயோ, உக்காருங்க, உக்காருங்க. எனக்கு எதுக்கு எந்திரிக்கிறீங்க?" என்று தாம்பாளத்தோடு பதறினார் வந்தவர். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"மாமா, நீங்கதான் நிலத்துக்காரர். உக்காருங்க மாமா" என்று அண்ணி தோளை அழுத்தினார். நான் இந்தப் பக்கம் பிடித்து அழுத்தினேன். அப்பாவுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. அவர் வந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவராலும் அவரை உட்கார வைக்க முடியவில்லை.